அக்காவின் விரல்களும் ஒரு ஜப்பான் எலியும்

அன்புள்ள சேகர்,

பதில் போட மூன்று வாரமாகிவிட்டது, திட்டாதே. அக்காவுக்குக் காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகிறது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. முடக்குவாதம் என்றால் எதிர்ப்பு சக்தி அதிகமாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் அரைச் சம்மதம்தான்.

நான் பிழைப்பதே டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுவின் சமிக்ஞையை ஆராய்ந்துதான். செல்லின் ஏற்பியில் அந்நியப் புரதத்துண்டு பொருந்தியதும், எல்சிகே என்ற கைனேஸ் நொதி ஏற்பியின் வாலில் பாஸ்பேட்டை ஒட்டும்; கைனேஸ்களின் வேலையே அதுதான். அந்த பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு ஸாப்-70 என்ற இன்னொரு கைனேஸ் வந்து உட்காரும். எல்லாம் ஓரிரு நிமிஷ வேலை. போன வாரம், பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்கும் பாஸ்பட்டேஸ் நொதியைத் தடுக்கும் வனடேட்டைச் சேர்க்க மறந்து செல்லை உடைத்துவிட்டேன். ஒட்டியிருந்த பாஸ்பேட்டையெல்லாம் பாஸ்பட்டேஸ் மேய்ந்துவிட்டது; பாஸ்பேட் ஒட்டிய புரதம் கோடாகத் தெரியவேண்டிய பிலிமில் ஒரு கோடுகூட இல்லை. இரண்டு நாள் உழைப்பு தண்டம்.

உன் கேள்விக்கு வருகிறேன். 2025-இல் நோபல் வாங்கினாரே சகாகுச்சி, அவர் குழு 2003-இல் ஒரு எலியைப் பற்றி எழுதியது. அதன் ஸாப்-70-இல் ஒரே ஒரு அமினோ அமிலம், 163-ஆவது, மாறியிருந்தது. சமிக்ஞை பலவீனம். அப்படியானால் நோயெதிர்ப்பும் மந்தமாகத்தானே இருக்கவேண்டும்? அந்த எலிக்கு மூட்டு வீங்கியது!

காரணம் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் இருக்கிறது. டி செல்கள் வளரும்போது அங்கே ஒரு சோதனை உண்டு. சொந்த உடம்பைப் பார்த்து உரக்கக் கத்தும் செல்லை அங்கேயே சாகடித்துவிடும். மெல்ல முனகினால் பிழைக்கவிடும். இந்த எலியில் கத்தவேண்டிய செல்லுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முனகல்தானே என்று தைமஸ் வெளியே விட்டுவிட்டது. வந்தவை மூட்டைத் தாக்கின. இத்தனைக்கும் கிருமி புகாத சுத்தமான கூண்டில் வளர்த்தால் அந்த எலிக்கு வீக்கமே வருவதில்லை.

ஸாப்-70 அறவே வேலை செய்யாத குழந்தைகளும் உண்டு. 1994-இலேயே கண்டுபிடித்தார்கள். டி செல்லில் இரண்டு முக்கிய வகை: தொற்றிய செல்லைக் கொல்லும் சிடி8, மற்ற செல்களை ஏவும் சிடி4. அவர்களுக்கு சிடி8 செல்கள் கிட்டத்தட்ட இருக்காது, சிடி4 செல்கள் இருந்தும் பயனில்லை. தொற்று மேல் தொற்று.

அக்காவுக்கு ஸாப்-70-இல் கோளாறு என்று நினைத்துக்கொள்ளாதே, அது எலிக் கதை. ஆனால் அவளுக்கு எழுதிக்கொடுத்த டோஃபாசிடினிப் மாத்திரை அடக்குவதும் கைனேஸைத்தான், ஜாக் என்ற வேறு வகை. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தாயிற்றே, ஆரம்பிக்கும் முன் டிபி டெஸ்ட் எடுத்தார்களா என்று டாக்டரிடம் கேட்டு எழுது.

உன்
குமார்