வியாசர்பாடி குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி, குடியரசு தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டின் முக்கியப் பணி பின்சந்துகளின் குடிநீர்தான். டெங்கு, வயிற்றுப்போக்கு வந்தாலே "அந்தப் பக்கம் சுத்தம் போதாது" என்று நம் கூட்டத்திலேயே பேசப்படுகிறது. அது தவறு என்பதைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை. முன்தெருவில் சிலர் தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். கடைசி வீட்டு அடிபம்பில் தண்ணீர் ஏறுவதில்லை. ஏறாத பம்பை விடாமல் அடிக்கும்போது குழாயில் அழுத்தம் இறங்கி, விரிசல் விட்ட ஜாயின்ட் வழியாக வெளியே தேங்கிய சாக்கடை உள்ளே இழுபடுகிறது. முதல் குடம் நாறுவது அதனால்தான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர் போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரியும். கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெறும் தட்டு போட்டால் இடுக்கில் கொசு நுழையும். பழைய வேட்டியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் மூட வேண்டும். பின்சந்தில் பிறக்கும் கொசு நூறு இருநூறு மீட்டர் பறக்கும், முன்தெருவுக்கும் வரும்.

குடிநீரில் உள்ள குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் கருவியைச் சங்கம் வாங்கியது. கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். குளோரின் இருந்தால் நீரை மஞ்சளாக்கும் ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டும் பல நாள் மஞ்சள் நிறமே வரவில்லை. மூலையிலுள்ள பொதுத் தொட்டியில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கில், வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்தே பிடிக்கச் சொன்னோம். திறந்து கிடந்த பையின் பவுடரில் வீரியம் இருக்காது. அதை வாங்க வேண்டாம்.

காசநோய்க்கு மருந்து இலவசம்தான். ஆனால் சளிப் பரிசோதனைக்குப் போனால் அன்றைய கூலி போகிறது. மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி, வங்கிக் கணக்குச் சிக்கலால் சிலருக்கு நின்றுபோனது. படிவம் நிரப்பித் தந்தோம்.

ஞாயிறு தொட்டிப் பணிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பின்சந்துப் பெண்களே. சந்தாவையும் அவர்கள்தான் தவறாமல் கட்டினார்கள். பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை மரியாதை கருதி இங்கே வாசிக்கவில்லை; பட்டியல் பொருளாளரிடம் உள்ளது. வரவு செலவு ஏறத்தாழச் சமம், கையிருப்பு சொற்பம். தணிக்கை செய்தவருக்கும், இடம் தந்த பள்ளிக்கும், உதவிய சுகாதாரப் பணியாளர்களுக்கும் நன்றி.

பழைய குழாயை மாற்றக் கோரும் மனு தயாராக உள்ளது. குழாய் செல்வது முன்தெருவின் கீழே. அங்குள்ளோர் கையெழுத்து இல்லாமல் மனுவுக்கு வலு இல்லை. அடுத்த ஆண்டு இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்வேன். மோட்டார்கள் கழற்றப்பட்டு, பாக்கியும் வசூலானால் நானே தொடர்வதிலும் ஆட்சேபணை இல்லை. மனு இன்று கூட்டம் முடியும்வரை இந்த மேசையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்