டிரம்ஸ் பதிவுக்கு எட்டு மைக் எதற்கு, ஒரு நூல் இருந்தால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வீட்டு ஸ்டுடியோ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குரல், கிட்டார், கீபோர்டு பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். டிரம்ஸ் என்று வந்ததும் மட்டும், எட்டு மைக்கும், எட்டு இன்புட் (மைக் செருகும் இடம்) உள்ள இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டி) இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், கணினியில் இருக்கிற டிரம்ஸை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். இரண்டு இன்புட்டை வைத்துக்கொண்டு பல வருஷமாக டிரம்ஸ் பதிவு செய்துகொண்டிருக்கிறவன் நான், படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1971-இல் வெளிவந்த, லெட் ஜெப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நான்காவது ஆல்பத்தில் கடைசிப் பாட்டின் டிரம்ஸைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், மாடிப்படிக் கூடத்தின் அடியில் குழுவின் டிரம்மர் ஜான் போனமை உட்கார வைத்து, மேலே படிக்கட்டிலிருந்து இரண்டே மைக்கைத் தொங்கவிட்டு எடுத்தார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். நமக்கு அந்தக் கூடமும் இல்லை, போனமும் இல்லை, சரி. ஆனால் மைக் எண்ணிக்கை அங்கேயும் இரண்டுதான். ஆண்டி ஜான்ஸின் அண்ணன், அவரும் ஒலிப்பதிவாளரான கிளின் ஜான்ஸ் பெயரிலேயே ஒரு முறை இருக்கிறது: ஒரு மைக் மேலே, ஒன்று ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் பெரிய டிரம்) பக்கம், இரண்டும் ஸ்நேரிலிருந்து (வாசிப்பவருக்கு முன்னால் இருக்கிற, சுள்ளென்று ஒலிக்கும் டிரம்) ஒரே தூரம், அப்புறம் கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, வேண்டுமானால் ஸ்நேருக்கு ஒன்று. அவ்வளவுதான்.

அந்த "ஒரே தூரம்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது, கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நான் இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சமயம் நண்பரிடம் நான்கு இன்புட் இன்டர்ஃபேஸும் இரண்டு மைக்கும் இரவல் வாங்கி, மொத்தம் நான்கு மைக் வைத்து ஒரு நாள் முழுக்க அடித்தேன். மறுநாள் போட்டுக் கேட்டால் ஸ்நேர் தீப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. டிரம்மின் தோலைக் குறை சொன்னேன், மைக்கைக் குறை சொன்னேன், ஈக்யூவில் (மேல், கீழ் ஸ்தாயிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஸ்நேரின் வயிறு இருக்கிற 200 ஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போனேன், ஒன்றும் அசையவில்லை. கடைசியில் வெறுத்துப்போய் ஒவ்வொரு மைக்கின் டிராக்காக (தனிப் பதிவாக) ம்யூட் செய்துகொண்டு வந்தபோது, மேலே இருந்த இரண்டில் ஒன்றை அணைத்ததும் ஸ்நேர் தடாலென்று திரும்பி வந்தது. அளவு நாடாவை எடுத்து அளந்து பார்த்தேன், ஒரு மைக் ஸ்நேரிலிருந்து அரை மீட்டர், மற்றது ஒன்றே கால் மீட்டருக்கும் மேலே, வித்தியாசம் கிட்டத்தட்ட 85 சென்டிமீட்டர். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அந்த 85 சென்டிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை மில்லி வினாடி ஆகும். 200 ஹெர்ட்ஸ் அலையில் அது சரியாகப் பாதிச் சுற்று. ஒரு மைக்கில் அலை மேலே ஏறும்போது இன்னொன்றில் கீழே இறங்குகிறது, இரண்டையும் கூட்டினால் ஸ்நேரின் வயிற்றுச் சத்தமே காணாமல் போகிறது. இல்லாததை ஈக்யூ எங்கிருந்து கொண்டுவரும்?

இதற்கு வழி ஒரு நீளமான நூல், கொஞ்சம் ஒட்டும் டேப். நூலின் ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் ஒட்டுங்கள். முதல் மைக்கை ஸ்நேருக்கு நேர் மேலே இரண்டு டிரம்ஸ் குச்சி உயரத்தில், அதாவது சுமார் 80 சென்டிமீட்டரில் நிறுத்தி, நூலை அதுவரை விறைப்பாக இழுத்து, மைக்கைத் தொடும் இடத்தை விரலால் கிள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மிச்ச நூலைக் கீழே கொண்டுபோய், கிக்கில் பீட்டர் (பெடலில் இருக்கிற அடிக்கும் கட்டை) விழும் இடத்துக்கு நேர் மேலே விளிம்பில் ஒட்டுங்கள். இப்போது கிள்ளிய விரலை விடாமல் அப்படியே வாசிப்பவரின் வலது தோளுக்கு மேலே கொண்டுபோங்கள், நூலின் இரண்டு பக்கமும் விறைப்பாக நிற்கிற இடம் ஒன்று கிடைக்கும், அதுதான் இரண்டாவது மைக்கின் இடம். ஸ்நேரும் கிக்கும் இரண்டு மைக்குக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். ஒருவர் உட்கார்ந்திருக்க இன்னொருவர் நூல் பிடித்தால் ஐந்து நிமிஷ வேலை. தனியாகச் செய்தால் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும், பரவாயில்லை.

மூன்றாவது இன்புட் இருந்தால் கிக்குக்கு ஒரு மைக் வையுங்கள். வைத்துவிட்டு, அந்த டிராக்கின் போலாரிட்டி பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) அமுக்கியும் அமுக்காமலும் மோனோவில் (எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து) கேட்டு, எதில் கீழ்ச் சத்தம் தடிமனாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே இன்புட், பாட்டுக்கோ கிக் கனமாக வேண்டும் என்றால், மேலே ஒன்று கிக்கில் ஒன்று என்று மோனோவாகவே எடுத்துவிடலாம். ஸ்டீரியோ இல்லாததால் பாட்டு கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை.

அறையைப் பற்றி: கட்டுரையில் முட்டை அட்டை ஒட்டச் சொல்லியிருந்தார்கள். அது மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்கும், டமடம என்று மூலையில் தேங்குகிற கீழ்ச் சத்தத்தை ஒன்றும் செய்யாது, பக்கத்து வீட்டுக்குப் போகிற சத்தத்தையும் தடுக்காது. கூரை தாழ்வாக இருந்தால் மேல் மைக்குகளுக்கு அதுதான் முதல் எதிரி, அவற்றுக்கு மேலே ஒரு கனமான கம்பளியைக் கட்டினாலே வித்தியாசம் தெரியும். மூலையில் ஒரு பழைய மெத்தையைச் சாய்த்து வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் டிரம்ஸ் சுதியில் இருக்க வேண்டும், அதைச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது, ஆனாலும் தளர்ந்த தோலோடு மைக் வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம். எதிரெதிர்த் திருகுகளாக முடுக்கி, ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் விரலால் தட்டி ஒரே சுரம் வருகிறதா என்று பாருங்கள். பெடல் கிரீச்சிட்டால் எண்ணெய் விடுங்கள், அந்தக் கிரீச் அப்படியே பதிவில் விழும். குறைந்த மைக்கில் எடுக்கும்போது கலவை உங்கள் கையில்தான் நடக்கிறது, ஹை-ஹேட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) வெறியோடு அடித்துவிட்டு அப்புறம் குறைக்கலாம் என்று நினைத்தால் எதைக் குறைப்பீர்கள், அது ஸ்நேரோடு ஒரே டிராக்கில் அல்லவா இருக்கிறது? சிம்பல்களை மெதுவாக, ஸ்நேரை அழுத்தமாக. பதிவின் சத்த அளவும் (லெவல்) அப்படித்தான், சோதனைக்கு அடிக்கும்போது எல்லோரும் பூப்போல அடிப்பார்கள், பாட்டு ஓட ஆரம்பித்ததும் இடி விழும். பதிவுத் தரத்தை 24 பிட்டில் வைத்து, மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் (பூஜ்யம்தான் சத்தம் உடையும் எல்லை) இடம் விட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அடுத்த இணைப்பில் அந்த நூல் முறைக்கு மட்டும் ஒரு படம் வரைந்து போட்டால் நன்றாக இருக்கும், எழுத்தில் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. கிள்ளிப் பிடிக்கும் விரலைப் படத்தில் பெரிதாகக் காட்டச் சொல்லுங்கள், எல்லோரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
இரண்டு இன்புட்டோடு காலம் தள்ளும் ஒரு டிரம்மர்