என் நாவலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

நாவல் அச்சுக்குப் போய்விட்டது. ஆட்டிசம் உள்ள 16 வயதுப் பையன்மேல் கொலைப்பழி விழுகிறது, அவனைக் காப்பாற்ற அம்மா ஒற்றை ஆளாக மல்லுக்கட்டுகிறாள், இதுதான் கதை. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது நியாயமே இல்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, தெரபி முடியும்வரை வாசல் பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்களுக்கு. அதில் ஒரு அக்கா சொன்னார், அவர் மகனுக்குப் பசித்தால் அவரிடமே வந்து "பசிக்குதாடா கண்ணா?" என்று கேட்பானாம், சாப்பாட்டு நேரத்தில் அவன் கேட்டுப் பழகிய வாக்கியம் அதுதானே. கதையின் முடிச்சே அதில்தான் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் "நான்தான் தள்ளிவிட்டேன்னு சொல்லு" என்று அதட்டுகிறார், பையன் அதே ஏற்ற இறக்கத்தோடு "நான்தான் தள்ளிவிட்டேன்னு சொல்லு" என்கிறான். எழுதிய அறிக்கையில் அந்தச் 'சொல்லு' மட்டும் இல்லை. இதை எழுதிக்கொள்ளச் சம்மதித்ததற்கு ரொம்ப நன்றி, அக்கா.

அப்புறம் வக்கீல் மேடம். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தவர். 18 வயது ஆகாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, ஆனால் 16 முடிந்தவன்மேல் கொடுங்குற்ற வழக்கு வந்தால், செய்ததன் விளைவு புரியும் திறன் அவனுக்கு இருந்ததா என்று இளைஞர் நீதிக் குழுமம் 3 மாதத்துக்குள் மதிப்பிட வேண்டும், அதை வைத்துத்தான் பெரியவர்களைப்போல விசாரிப்பதா என்று முடிவாகும். அவர் இதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. "என் பிள்ளைக்கு எல்லாம் புரியும்" என்று பள்ளி பள்ளியாக ஏறி வாதாடியவள், இப்போது அவனுக்குப் புரியாது என்று தன் வாயாலேயே சொன்னால்தான் அவன் தப்புவான். நாவலின் இரண்டாம் பாதி முழுக்க அந்தத் தவிப்புதான்.

ஆட்டிசத்தோடு வாழும் ஒரு தம்பி கைப்பிரதியைப் படித்துவிட்டு, ஸ்டேஷன் காட்சியில் ஃபேன் சத்தம் எங்கே என்று கேட்டான். முகத்தைப் பார்த்தால் பேச்சு காதில் ஏறாது, அதனால்தான் தரையைப் பார்க்கிறேன் என்றும் சொன்னான். இரண்டும் அப்படியே கதைக்குள் வந்துவிட்டன.

வெட்ட வேண்டியதை ஈவிரக்கமில்லாமல் வெட்டிய எடிட்டருக்கும், நான் எழுத உட்கார்ந்தால் அடுப்படியைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும் நன்றி.

புத்தகம் வந்ததும் நானே வீடு வீடாக வந்து தருகிறேன். தம்பி, பளபளப்பு ஒட்டாத அட்டை கேட்டாயே, உன் பிரதிக்கு அச்சகத்தில் சொல்லியாச்சு.