டைல்ஸ் இடுக்கில் ஆசிட் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போகி நெருங்கினால் தெருவில் ஆசிட், பினாயில் விற்கும் வண்டிகளின் குரல் கூடிவிடும். வாங்கிய ஆசிட் நேராகக் குளியலறைத் தரைக்குத்தான் போகிறது. கறுத்த டைல்ஸ் இடுக்கை வெளுப்பாக்க இதைவிட மோசமான வழி இல்லை என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

டைல்ஸுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் சிமென்ட். ஒயிட் சிமென்டாக இருந்தாலும், இடுக்கை அடைக்கவென்றே பாக்கெட்டில் விற்கும் கிரவுட் பொடியாக இருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டால் கரையும். நுரை பொங்கும்போது அழுக்கோடு சேர்ந்து சிமென்டும் போகிறது. மேல்தோல் உரிந்துவிட்டதால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். பிறகு சொரசொரத்துப்போன இடுக்கில் சோப்பு அழுக்கு முன்னைவிடச் சீக்கிரம் ஏறும். திரும்பத் திரும்ப ஊற்றினால் இடுக்கு பள்ளமாகித் தண்ணீர் அடியில் இறங்கும். கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் தெரிந்த பிறகு வருந்திப் பயனில்லை.

முதலில் கறையின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பிசுக்கு என்றால் சோப்பும் உடம்பு எண்ணெயும். வெள்ளை ஏடு போர் தண்ணீரின் உப்பு. செம்பழுப்பு இரும்பு. கறுப்புப் புள்ளி பூஞ்சை. எதுவானாலும் முதல் வேலை, பாத்திரம் கழுவும் லிக்விடைச் சுடுநீரில் கலந்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவதுதான். சோப்புப் படலம் போகாமல் வேறு எந்த மருந்தும் உள்ளே இறங்காது. கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள் தங்கித் துருப்பிடிக்கும்.

அடுத்து அரை கப் சமையல் சோடாவை, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பற்பசைப் பதத்தில் குழைத்து இடுக்கில் தடவுங்கள். கையுறை அவசியம். 15 நிமிடம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். மிச்சக் குழம்பை மூடி வைக்காதீர்கள், வாயு கிளம்பி டப்பா வெடிக்கும். சோடாவோடு வினிகர் கலக்கச் சொல்லும் குறிப்பு எங்கும் சுற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். நுரையைத் தவிரப் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

பூஞ்சை விடாமல் பிடித்திருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். கலர் கிரவுட் என்றால் சாயம் வெளுக்கும். பிளீச்சிங்கும் ஆசிட்டும் எக்காரணம் கொண்டும் சேரக்கூடாது. சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு, அடைத்த குளியலறையில் உயிருக்கே ஆபத்து. கழிவறை கிளீனர்கள் பலவற்றிலும் ஆசிட் இருப்பதை மறக்க வேண்டாம். இரும்புக் கறைக்கு பிளீச்சிங் உதவாது, கறை இன்னும் அழுத்தமாகும்.

உப்பு ஏட்டுக்கு எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் ஆசிட் ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் வெந்நீரில். இதுவும் அமிலம்தான். அதனால் இடுக்கை முன்கூட்டியே நன்றாக நனைத்துவிட்டு, 2 நிமிடத்துக்கு மேல் விடாமல் கழுவிவிடுங்கள். கடப்பா, மார்பிள் கற்களில் படக்கூடாது, பாலிஷ் போய்விடும். எத்தனை முறை துடைத்தாலும் அதே இடத்தில் வெள்ளை பூத்தால், அடியில் ஈரம் நிற்கிறது. குழாய்க் கசிவைத் தேடுங்கள்.

இத்தனைக்கும் மசியாத இடுக்கையும், பொடிந்து பள்ளமானதையும் புதிதாக அடைக்க வேண்டும். பழையதன் மேலேயே ஒயிட் சிமென்ட் பூசுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஏடு போல் ஒட்டியது சில வாரங்களில் ஏடாகவே உரியும். ஆக்ஸா பிளேடால் 3 மி.மீ. ஆழம் சுரண்டி, தூசு முழுவதும் எடுத்து, ஈரத்துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள். அதற்குமுன் ஒவ்வொரு டைலையும் காசால் தட்டிப் பார்ப்பது நல்லது. பொத்தென்று சத்தம் வந்தால் டைலே பிடிப்பு விட்டிருக்கிறது, அங்கே கிரவுட் நிற்காது.

எவ்வளவு வாங்குவது? ஓரடி டைல், 3 மி.மீ. அகல இடுக்கு, 5க்கு 8 அடித் தரை என்றால் அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். ஒரு கிலோ பாக்கெட் ஒன்று தாராளம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காதீர்கள். நீர் கூடினால் காய்ந்ததும் திட்டுத்திட்டாக நிறம் மாறும், நகம் பட்டால் உதிரும். குழைத்துப் 5 நிமிடம் விட்டு மறுபடி கிளறி, ரப்பர் தகட்டால் இடுக்குக்குக் குறுக்காகச் சாய்த்து அழுத்துங்கள். நீளவாக்கில் இழுத்தால் உள்ளே போனது வெளியே வந்துவிடும். 15, 20 நிமிடத்தில் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைக்கலாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. சுவரும் தரையும் சேரும் மூலைக்கு மட்டும் கிரவுட் வேண்டாம். அந்த இடம் அசையும், சிமென்ட் வெடிக்கும். குளியலறைக்கான சிலிக்கான் பசை போடுங்கள்.

இடைவெளிக்கு வைக்கும் பிளாஸ்டிக் துண்டான ஸ்பேசர் வைக்காமல் நெருக்கிப் பதித்த டைல்ஸில் சுரண்ட இடமே இருக்காது. அங்கே சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு, இடுக்குக்கு நிறம் பூசும் கிரவுட் பேனாவால் கோடு இழுப்பதே வழி. ஈரத்தில் இழுத்தால் உரியும். சிமென்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் கறை பிடிக்காதது, உண்மைதான். ஆனால் விலை அதிகம், சீக்கிரம் இறுகும், பழகாத கைக்கு வேண்டாம்.

அடைத்த மூன்றாம் நாள், நன்றாகக் காய்ந்தபின், இடுக்கில் மட்டும், தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் கிரவுட் சீலர் பூசுங்கள். சீலர் காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். முத்தாக நின்றால் சரி, உறிஞ்சினால் இன்னொரு பூச்சு.

இப்படிக்கு,
டைல்ஸ் பதிக்கும் தொழிலாளர்கள், ஈரோடு