கல்லாப்பெட்டியில் தொடங்கும் வேலைச்சூழல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் வேலைக்கு ஆள் நிலைப்பதில்லை என்று முதலாளிமார் சொல்லும்போது, வெளிநாட்டு மோகத்தைத்தான் முதலில் காரணம் காட்டுகிறார்கள். போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு கடையை விட்டு நாலு கடை தள்ளி அதே சம்பளத்துக்குச் சேருகிறவர்களும் ஏராளம். அவர்கள் விஷயத்தில் வெளிநாட்டைக் குறை சொல்ல முடியாது. வேலைச்சூழலை நன்றாக்க வேண்டும் என்று நினைக்கும் முதலாளிமாரும் வருடாந்தச் சுற்றுலா, டீ-சேர்ட், பிறந்தநாள் கேக் என்றுதான் யோசிக்கிறார்கள். அவை நல்லவையே. ஆனால் அவற்றுக்கு முன்னர் சரிசெய்ய வேண்டியவை கடைக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் கல்லாப்பெட்டி. இரவு கணக்கு முடிக்கும்போது 850 ரூபா குறைந்தால், அதைக் காசாளரின் சம்பளத்தில் கழிப்பது பல கடைகளில் எழுதப்படாத விதி. சம்பளத்தில் எதைக் கழிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை உண்டு, முதலாளி நினைத்ததையெல்லாம் கழிக்க முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்க, வியாபாரத்துக்கே இது கெடுதி. குறைந்தால் கழிப்பார்கள் என்று தெரிந்த காசாளர், 300 ரூபா கூடிய நாளில் அதைக் கணக்கில் காட்டமாட்டார். அடுத்த குறைவை ஈடுகட்ட ஓர் உறையில் போட்டு வைப்பார். ஒரு மாதம் போனால் முதலாளி கையில் கிடைக்கும் கணக்குத்தாள் வெகு சுத்தமாக இருக்கும். கல்லாவில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. களவே நடந்தாலும் அந்த உறை அதை மறைத்துவிடும்.

காசு குறைவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. காசாளர் சாப்பிடப் போன நேரத்தில் அதே லாச்சியில், அதாவது கல்லாவின் காசு இழுப்பறையில், இன்னொருவர் இருப்பார். அட்டையில் கட்டிய தொகை பில்லில் காசு என்று பதிவாகும். கியூஆர் மூலம் கட்டியதாக வாடிக்கையாளர் கைபேசித் திரையைக் காட்டியதும், வங்கியின் குறுஞ்செய்தி கடைக்கு வந்து சேர முன்னரே பொருள் கைமாறிவிடும். சனிக்கிழமை மாலை நெரிசலில் 1,000 ரூபாத் தாளுக்கு 5,000 ரூபாவின் மிச்சம் போய்விடும்.

இவற்றைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு லாச்சிக்கு ஒருவர்தான் பொறுப்பு. காலையில் வைக்கும் 5,000 ரூபா சில்லறையை இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். மதியம் ஆள் மாறினால் லாச்சித் தட்டும் மாற வேண்டும். இரவில் 5,000 ரூபாத் தாள் எத்தனை, 1,000 ரூபாத் தாள் எத்தனை, நாணயக் குற்றிகள் எவ்வளவு என்று எழுதி முடித்த பிறகே கணினி காட்டும் தொகையைப் பார்க்க வேண்டும். முன்னரே பார்த்துவிட்டால், எண்ணுகிற கை அந்தத் தொகையை நோக்கித்தான் போகும். கூடினாலும் குறைந்தாலும் ஒரே கொப்பியில் பதிய வேண்டும். 100 ரூபாவுக்குட்பட்ட வித்தியாசத்துக்கு விசாரணை வேண்டாம். அதற்கு மேல் போனால் அன்றிரவே பில் சுருளைப் பார்க்க வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் எவருக்கும் நினைவிருக்காது. மூன்று மாதக் கொப்பியைப் புரட்டினால், குறைவு எந்தக் கிழமையில், எந்த நேரத்தில், யார் இருக்கும்போது வருகிறது என்பது தானாகவே தெரியும். அப்படித் தெரிந்தபின் ஒருவரைக் கேள்வி கேட்பது நியாயமான விசாரணை. அதற்கு முன் கழிப்பது வெறும் தண்டனை.

அடுத்தது கடை மூடும் நேரம். ஷட்டரை எட்டு மணிக்கு இறக்கினாலும், புடவைக் கடையில் விரித்துப் போட்டதை மடித்து அடுக்க இன்னும் முக்கால் மணிநேரம் ஆகும். பல இடங்களில் அதற்குச் சம்பளம் கிடையாது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 45 மணிநேரம் என்று வகுத்திருக்கிறது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் 40,000 ரூபா என்றால், மாத மணிநேரமாகக் கொள்ளும் 240ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்கும்போது மணிக்கு 250 ரூபா வரும். 45 மணிநேரத்தை ஏற்கெனவே நிறைவு செய்த ஊழியர் நாளுக்கு முக்கால் மணிநேரமாக ஆறு நாள் மடித்தால், வாரத்துக்கு 1,125 ரூபாவை இழக்கிறார். காசை விட, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுதான் மனதில் தங்கும். ஏழேகாலுக்கே இருவரை மடிப்பு வேலைக்கென்று ஒதுக்கினால் எட்டேகாலுக்குள் எல்லோரும் வெளியே வரலாம். மிஞ்சும் நிமிடங்களைப் பதிந்து கொடுத்துவிட வேண்டும்.

சம்பளச் சீட்டு எல்லோருக்கும், தமிழிலோ சிங்களத்திலோ, வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதே 40,000 ரூபாவில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதம், அதாவது 3,200 ரூபா. முதலாளி பங்கு 12 வீதம், 4,800 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியே 3 வீதம், 1,200 ரூபா கட்ட வேண்டும், இதைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி மீதியைக் கொடுப்பனவு என்று எழுதினால், பங்களிப்பு குறைவது அன்று தெரியாது. வேலையை விட்டுப் போகும் நாளில், அல்லது நிதியின் கணக்குக் கூற்றைப் பார்க்கும் நாளில் தெரியவரும். அதன்பின் அந்த ஊழியர் தன் தம்பியையோ ஊர்க்காரரையோ அந்தக் கடைக்கு அனுப்புவாரா? கொழும்புக் கடைகளுக்கு ஆட்கள் பெரும்பாலும் ஒருவர் சொல்லி ஒருவராகத்தான் வருகிறார்கள்.

‘நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்’ என்ற பேச்சையும் நம்மவர்கள் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். மரணவீட்டுக்கு ஓடிவருவது, அவசரத்துக்கு முற்பணம் கொடுப்பது எல்லாம் நம் கடைகளின் பெருமை, அதை யாரும் கைவிடத் தேவையில்லை. ஆனால் அந்தப் பேச்சின் பெயரால் நியமனக் கடிதம் இல்லாமல் போகிறது. லீவு கேட்பது நன்றிகெட்டதனமாகிறது. முதலாளியின் மருமகன் பிந்தி வந்தால் ஒரு நியாயம், அட்டனிலிருந்து வந்த பெடியன் பிந்தி வந்தால் இன்னொரு நியாயம் என்றாகிறது. ஒருவரை அவருடைய ஊரைச் சொல்லியோ, ‘டேய்’ என்றோ வாடிக்கையாளர் முன் கூப்பிடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். பிழையைச் சொல்லத்தான் வேண்டும், அதுவும் அன்றைக்கே. ஆனால் வாடிக்கையாளர் போனபின், தனியே, என்ன நடந்தது, அதனால் என்ன நட்டம், இனி எப்படிச் செய்வது என்ற மூன்றோடு பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும். பழைய பிழைகளை இழுத்தால் கேட்பவர் காதை மூடிக்கொள்வார்.

காலையில் ஷட்டர் திறக்க முன் பத்து நிமிடம் எல்லோரும் நின்று பேசுவது நல்ல பழக்கம். அங்கே ‘ஏதாவது குறை இருக்கா?’ என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ‘நேற்று எந்தச் சாமானைக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினீர்கள்?’ என்று கேட்டால் நாலு பேர் பேசுவார்கள். அப்படி வந்த முதல் விஷயத்துக்கு மூன்று நாளுக்குள் ஏதாவது செய்து காட்ட வேண்டும். செய்ய முடியாவிட்டால் ஏன் முடியாது என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது வாரத்தில் கூட்டம் முதலாளியின் பிரசங்கமாகிவிடும். சிங்கள ஊழியரும் இருக்கும் கடையில் இரு மொழியிலும் பேச வேண்டும், வேலைப் பட்டியலையும் இரு மொழியில் ஒட்ட வேண்டும்.

பெண் ஊழியர் முறையிட, முதலாளி குடும்பத்தைச் சேராத ஒரு பெண் பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்பட வேண்டும். பாலியல் தொந்தரவு 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பின் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். ‘பகிடிக்குச் சொன்னது’ என்று மூடி மறைக்கிற விஷயம் இதுவன்று.

தீபாவளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகள் சட்டத்தின்படி வருடத்தில் வரும் எட்டு விடுமுறைகளில் தைப்பொங்கல் இருக்கிறது, தீபாவளி இல்லை. முதல் நாளிரவு வரை புடவைக் கடைகளில் உச்ச வியாபாரம். பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் போக வேண்டியவர்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே விடியற்காலை ஊர் சேர்கிறார்கள். ஆறு வாரத்துக்கு முன்பே பட்டியல் போட்டு, தூரத்து ஊர்க்காரரில் பாதிப் பேரை இந்த வருடம் முதல் நாள் மதியமே அனுப்பி, மற்றப் பாதிப் பேரை அடுத்த வருடம் அனுப்பலாம். கடைசி நேரத்தில் கெஞ்சிக் கேட்பவருக்கு மட்டும் லீவு கொடுத்தால், கேட்கக் கூச்சப்பட்டவர்தான் தை மாதம் பிறக்க முன் விலகுவார்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். ‘ஆட்கள் தேவை’ விளம்பரங்களில் ‘தகுந்த சம்பளம் வழங்கப்படும்’ என்றே எங்கும் இருக்கிறது. சம்பளத் தொகை, வேலை நேரம், வார விடுமுறை, தங்குமிடம் உண்டா என்ற நான்கையும் குறிப்பிடும் விளம்பரத்துக்குக் கட்டணத்தில் சிறு சலுகை கொடுக்கத் தாங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
சில்லறை வியாபார நிர்வாகத்தில் உள்ள வாசகர்,
கொழும்பு - 06