சிக்னல் இல்லை என்று சொல்வது மானிட்டர்தான்

அன்புள்ள மகனுக்கு,

நேற்றிரவு நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. கணினியைப் போட்டும் மானிட்டரில் படம் வராததைக் கண்டு, ஆய்வேடு மொத்தமும் போய்விட்டதோ என்று பதறியிருக்கிறாய். விடிந்ததும் புது மானிட்டர் வாங்கிவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறாய். முதலில் நிம்மதியாக இரு. ஆய்வேடு கணினியின் சேமிப்பு வட்டில் பத்திரமாக இருக்கிறது. திரையில் படம் வராததால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. புது மானிட்டர் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடு.

நீ அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புத் திரையின் நடுவே ‘சிக்னல் இல்லை’ என்ற சிறு பெட்டி பளிச்சென்று தெரிகிறது. அந்த எழுத்து உன் கணினியிலிருந்து வந்ததல்ல. மானிட்டர் தன்னிடம் உள்ள சர்க்யூட்டைக் கொண்டு தானே எழுதிக் காட்டுகிறது. அப்படியானால் அதற்கு மின்சாரம் வருகிறது, பின்னொளி எரிகிறது, பேனல் நன்றாக இருக்கிறது. கேபிள் நுழையும் துளை பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. ஆனாலும் மானிட்டரைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன்.

மானிட்டரின் மெனுவைத் திறந்து, எந்த உள்ளீடு தேர்வாகியிருக்கிறது என்று பார். எச்டிஎம்ஐ என்பது படம் கொண்டுவரும் ஒரு வகைக் கேபிள் இணைப்பு. கேபிள் எச்டிஎம்ஐ 2 என்ற துளையில் இருக்க, மானிட்டர் எச்டிஎம்ஐ 1-ஐப் பார்த்துக்கொண்டிருந்தால் விடியும்வரை சிக்னல் வராது. தானாகத் தேடும் வசதியை நம்பாதே, நீயே தேர்ந்தெடு.

அடுத்து கணினியின் முதுகுப் பக்கம் போ. படத்தை உருவாக்கி மானிட்டருக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு புதிதாகப் போட்டிருப்பதாகப் போன மாதம் சொன்னாய். நிமிர்ந்து நிற்கும் கணினிப் பெட்டியில், யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் மேலே இருப்பது மதர்போர்டின், அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் தாய்ப்பலகையின் துளை. அதற்குக் கீழே, குறுக்காகப் படுத்திருக்கும் தகட்டில் இருப்பவைதான் கார்டின் துளைகள். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். கார்டு போட்டதும் மதர்போர்டின் படவழியைத் தானாகவே மூடிவிடும் கணினிகள் நிறைய உண்டு. உன் பிராசஸர் இன்டெல் என்றால் அதன் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார். இருந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது; மேலே இருக்கும் துளையில் எத்தனை முறை மாட்டினாலும் பயனில்லை.

இனி கேபிள். இங்கேதான் நீ பொறுமையாக இருக்க வேண்டும். இரண்டு முனைகளையும் கழற்றி, கைபேசியின் விளக்கை அடித்து உள்ளே பார். எச்டிஎம்ஐ முனையில் 19 ஊசிகள் உண்டு. அவற்றில் படத்தைச் சுமப்பவை ஒரு பகுதிதான். மற்றவை இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்கானவை. வீட்டுக்கு வந்தவர் அழைப்பு மணியை அழுத்துவதும் உள்ளே இருப்பவர் குரல் கொடுப்பதும் போலத்தான் அது நடக்கிறது. 18-ஆவது ஊசி வழியாகக் கணினி 5 வோல்ட் அனுப்புகிறது. மானிட்டர் 19-ஆவது ஊசி வழியாக ‘இருக்கிறேன்’ என்று பதில் சொல்கிறது. பிறகு 15, 16 ஆகிய ஊசிகள் வழியாக மானிட்டர் தன் தயாரிப்பாளர் யார், எந்த அளவுப் படம் தனக்கு ஒத்துவரும், நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்க முடியும் என்ற விவரங்களைக் கொடுக்கிறது. ஈடிஐடி என்று அழைக்கப்படும் அந்தத் தகவலின் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். இந்தச் சின்னப் பேச்சில் ஓர் ஊசி மடங்கினாலோ ஒரு கம்பி அறுந்தாலோ, படக் கம்பிகள் அத்தனையும் நன்றாக இருந்தும் கணினி ‘இங்கே மானிட்டரே இல்லை’ என்று முடிவுகட்டிவிடும். வெளியே கேபிள் புத்தம்புதிதாகத் தெரிகிறது என்று நீ எழுதியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

உன்னுடையது எச்டிஎம்ஐ அல்ல, இன்னொரு வகைப் படக் கேபிளான டிஸ்ப்ளேபோர்ட் என்றால், ‘டக்’ என்ற சத்தம் வரும்வரை அழுத்து. பெரும்பாலான முனைகளில் இரண்டு சிறு கொக்கிகள் இருக்கும். கழற்றும்போது மேலே உள்ள பொத்தானை அழுத்தாமல் இழுத்தால் துளையே பிய்ந்துவிடும். அந்த வகைக் கேபிளில் இன்னொரு கோளாறும் உண்டு. 20-ஆவது ஊசிக்கான கம்பி சாதாரணக் கேபிளில் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. தரம் குறைந்த சில கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். அதனால் மானிட்டரிலிருந்து மின்சாரம் கார்டுக்குள் பின்னோக்கிப் பாய்கிறது. கேபிளைக் கழற்றினால் கணினி ஒழுங்காக எழுந்து, மாட்டினால் தகராறு செய்கிறது என்றால் அந்தக் கேபிளைத் தூக்கி எறி.

முனைகள் ஒழுங்காக இருந்தால் கணினியையும் மானிட்டரையும் முழுக்க அணைத்துப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தி அணைப்பது போதாது. மானிட்டர், கணினி இரண்டின் மின்கம்பியையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடு, படக் கேபிளையும் கழற்று, சில நிமிடம் சும்மா விடு. உறக்கநிலையில் சிக்கிக்கொண்ட மானிட்டரின் சர்க்யூட் அப்போதுதான் முதலிலிருந்து தொடங்கும். பிறகு கேபிளை மாட்டி, மானிட்டரை முதலில் போட்டு, அதன்பின் கணினியைப் போடு.

அதற்கும் மசியவில்லையென்றால் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிப்பதுதான் வழி. அறைத்தோழனின் மடிக்கணினியை அதே கேபிளால் உன் மானிட்டரில் மாட்டு. படம் வந்தால் மானிட்டரும் கேபிளும் குற்றமற்றவை. வராவிட்டால் கேபிளை மட்டும் மாற்று, வேறு எதையும் தொடாதே. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும். மடிக்கணினியில் யுஎஸ்பி-சி துளை மட்டும் இருந்தால் ஜாக்கிரதை: எல்லா யுஎஸ்பி-சி துளைகளும் படம் அனுப்பாது, சார்ஜ் போடும் கேபிள்கள் பலவற்றில் படத்துக்கான கம்பிகளே இருக்காது. மாற்றி வாங்குவதென்றாலும் திசையைப் பார்த்து வாங்கு. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் மலிவான கேபிள் எதிர்த்திசையில் வேலை செய்யாது.

சோதித்ததில் கணினிதான் காரணம் என்று தெரிந்தால், விசைப்பலகையில் ‘நம் லாக்’ (Num Lock) விசையைத் தட்டிப் பார். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இயங்குகிறது, படம் மட்டும் வெளியே வரவில்லை என்று பொருள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு, ஏ-வுக்கு அடுத்து வரும் பி-யைத் தட்டு. கார்டை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். கணினியைப் போட்டதும் தயாரிப்பாளரின் சின்னம் தெரிந்து, விண்டோஸ் வரும் நேரத்தில் மட்டும் படம் போனாலும் டிரைவர் அல்லது படஅளவு அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். நீளமான பழைய கேபிளில் 4கே எனப்படும் மிகத் துல்லியமான படத்தை நொடிக்கு 60 முறை அனுப்பச் சொன்னாலும் இப்படி ஆகும். அதற்கு எச்டிஎம்ஐயில் நொடிக்கு 18 ஜிகாபிட் தேவை, பழைய பதிப்பான எச்டிஎம்ஐ 1.4 தருவது 10.2 மட்டுமே.

விளக்கே அசையவில்லையென்றால் பெட்டியைத் திறக்க வேண்டிவரும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்ட பிறகே உள்ளே கைவை. மானிட்டரையும் பவர் சப்ளையையும் மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதே. பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், உன் உயிரைவிட எந்த ஆய்வேடும் எனக்குப் பெரிதில்லை. கார்டின் பக்கவாட்டில் 6 அல்லது 8 ஊசிகள் கொண்ட மின் இணைப்பு முழுதாக உட்கார்ந்திருக்கிறதா பார். ராம் எனப்படும் நினைவகப் பலகைகளைக் கழற்றி, ஒன்றை மட்டும் மாட்டிப் பார். ராம் சரியாக உட்காராவிட்டாலும் திரையில் ஒன்றும் வராது.

உன் மதர்போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் இருக்கக்கூடும். கணினியைப் போட்டதும் எது அணையாமல் நிற்கிறது என்று கவனித்து எனக்கு எழுது. கூடவே கணினியின் பின்பக்கத்தை, கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்று தெரியும்படி வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. எந்த நேரமானாலும் அழை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா