இகேபுகுரோவில் ஒரு பழைய பள்ளி: அக்காவுக்குக் கடிதம்

நிஷி-கசாய், டோக்கியோ
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நான் செலவு எழுதும் கணக்குப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை வகுத்தவர் ஹானி மோத்தோகோ என்ற அம்மையார். 1904இல் முதன்முதலாக வெளிவந்த அந்தப் புத்தகம் இன்றும் ஆண்டுதோறும் அச்சாகிறது. மாதம் பிறக்கும் முன்பே சாப்பாட்டுக்கு இவ்வளவு, துணிமணிக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டு, பிறகுதான் செலவை எழுத வேண்டும். எனக்கு இன்னும் அது முழுதாகப் படியவில்லை.

அவர் பெண்களுக்காக 1921இல் தொடங்கிய ஜியூ காகுஎன் பள்ளியின் பழைய கட்டடம் இங்கே டோக்கியோவில், இகேபுகுரோ என்ற பகுதியில் இருக்கிறது. இன்று அதைப் பார்த்துவிட்டு வந்தேன். இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக டோக்கியோவில் இருந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டும் அவருடைய உதவியாளர் எந்தோ அராதாவும் வடிவமைத்த கட்டடம் அது. கூரை தாழ்ந்திருக்கிறது, நடைவழியில் சற்றே குனியத் தோன்றுகிறது, கூடத்துக்குள் நுழைந்ததும் உயரமான சன்னல்கள் திறந்துகொள்கின்றன. நடுவில் சாப்பாட்டு அறை. மாணவிகள் தாங்களே சமைத்து ஒன்றாக உட்கார்ந்து உண்டதால், பள்ளிக்கே அதுதான் மையமாம்.

மோத்தோகோவை ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர் என்று எல்லாரும் சொல்வார்கள். கணவர் யோஷிகாசுவைப் பற்றியோ 'உறுதுணையாக இருந்தார்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. அவர் மனைவியைவிட ஏழு வயது இளையவர். இருவரும் ஹோச்சி நாளிதழில் வேலை பார்த்தபோது பழகி 1901இல் மணந்துகொண்டார்கள். 1903இல் இருவருமாகத் தொடங்கிய இல்லப் பத்திரிகைதான் 1908 முதல் 'ஃபுஜின் நோ தோமோ', அதாவது 'பெண்களின் தோழி' என்ற பெயரில் வருகிறது. அம்மையார் எழுதினார், பேசினார். நிர்வாகத்தை யோஷிகாசு ஏற்றார். காகிதமும் அச்சுக்கூலியும் சந்தாவும் கணக்குத் தீராமல் எந்தப் பத்திரிகை நூறாண்டைத் தாண்டும்? அந்தப் பத்திரிகையின் வாசகர் வட்டம் இல்லாமல் பள்ளி எழுந்திருக்காது என்பது என் எண்ணம். எழுதியவர் பெயர் அட்டையில் நிற்கும். கூலி கொடுத்தவர் பெயர் ரசீதோடு போய்விடும்.

யோஷிகாசுவை வெறும் கணக்குப்பிள்ளை என்றும் நினைத்துவிடாதே. அவரும் பத்திரிகையாளர்தான், பள்ளியை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். போர்க்காலத்தில், பெயரிலுள்ள 'ஜியூ', அதாவது சுதந்திரம் என்ற சொல்லை எடுத்துவிடுமாறு நெருக்கடி வந்தபோது இருவரும் இணங்கவில்லை. அவர் 1955இலும், அம்மையார் 1957இலும் காலமானார்கள்.

கூடத்தில் தேநீர் தந்தார்கள். முதுகுப்பலகை அறுகோணமாக இருந்த சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, உன் பள்ளிக்காக வங்கிக்கும் அச்சகத்துக்கும் சைக்கிளில் அலைகிற அத்தானை நினைத்துக்கொண்டேன். சென்ற ஆண்டு விழா மலரில் அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை, அக்கா.

அடுத்த மாதம் ஊருக்கு வரும் தோழியிடம் ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டாலும் கட்டங்கள் புரியும். அதை அத்தான் கையில் கொடு.

அன்புடன்,
உன் தங்கை